தலையீடு அற்ற காணி

முகம்மது பவ்ஸானின் வாழ்க்கையை எழுதப் புகுந்தால் முதல் வரியிலேயே ஒரு சிக்கல். அவர் எங்கே வசிக்கிறார்? மனைவி ஷிஹானாவும் மகளும் இருக்கிற வீடு புத்தளத்தில். அவர் விஞ்ஞானம் படிப்பிக்கிற பள்ளிக்கூடம் அரிப்புக்குத் தெற்கே, முசலிக் கரையில். அவர் படிக்கிற பல்கலைக்கழகம் மலைநாட்டுப் பக்கம், பஸ்ஸில் ஏழு மணித்தியாலம். அவர் பிறந்த வீடு ஒரு காட்டுக்குள். நான்கில் எங்கே தேடிப் போனாலும் "இப்பதான் போனார்" என்பார்கள். கடைசி இடத்தில் அதைச் சொல்லவும் ஆளில்லை.

வயது இப்போது நாற்பத்துமூன்று. படிக்கத் தொடங்கியபோது நாற்பது. அந்த வயதில் இந்தக் கரையோரத்துக் கனவான்களுக்குக் கொஞ்சம் வயிறும், கொஞ்சம் சீனி வருத்தமும், பள்ளிவாசல் நிர்வாக சபையில் ஒரு கதிரையும் கிடைப்பது வழக்கம். பவ்ஸானுக்கு ஒரு விண்ணப்பப் படிவம் கிடைத்தது. உயிர்ப்பல்வகைமைப் பாதுகாப்பும் வாழ்விடப் புனரமைப்பும் என்ற முதுமாணிப் பட்டப்படிப்பு. காலைக் கூட்டத்தில் அதிபர் இந்தப் பெயரை இரண்டு இடத்தில் மூச்சு வாங்கி அறிவித்தார். பிள்ளைகள் அடுத்த நாளே சுருக்கிவிட்டார்கள்: "சேர் காடு படிக்கிறார்."

வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுதுவிட்டு பஸ் ஏறுவார். சனி, ஞாயிறு வகுப்பு. திங்கள் காலை முதலாம் பாடத்துக்குச் சப்பாத்துத் தூசியோடு வந்து நிற்பார். மற்ற நாட்களில் ஆசிரியர் விடுதி. ஆறு அறை, ஐந்து பூட்டு. மற்ற ஆசிரியர்கள் எல்லோரும் கிட்டடி ஊர்க்காரர். மணி அடித்ததும் மோட்டார் சைக்கிளில் வீட்டுக்குப் பறந்துவிடுவார்கள். ஒரு ஆளுக்குச் சமைப்பது சாதாரண கணிதம் அல்ல. ஒரு சுண்டு அரிசி கூடிப்போகும், அரைச் சுண்டு காணாது. மிச்சத்தைத் தின்னக் காகம் வரும். காகத்தோடு அவர் உயிரியல் ரீதியான உறவு மட்டும்தான் வைத்திருந்தார் என்று சொல்ல ஆசை. ஆனால் ஒரு நாள் அதற்குச் சலாம் சொன்னதைப் பார்த்தவர்கள் இருக்கிறார்கள்.

அவருடைய ஆய்வின் சாரத்தை ஒரு வரியில் சொல்லலாம்: அழிந்த காட்டை மீட்பதற்கு மரம் நடுவது நல்லதா, பேசாமல் விடுவது நல்லதா? இதை அறிய இரண்டு காணி வேண்டும். முதலாவது, ஏதோ ஒரு திட்டத்தில் மரக்கன்று நட்டு, பெயர்ப்பலகை நட்டு, போட்டோ எடுத்து முடித்த காணி. அது கடற்கரை வீதியில் தாராளமாகக் கிடைத்தது. பலகை மட்டும் நன்றாக வேர்பிடித்திருந்தது. மற்றது, யாரும் கைவைக்காமல் தானாகக் காடு மூடிய காணி. ஒப்பீட்டுக்கு அதுதான் அத்திவாரம். அதில் மனிதக் கை பட்டிருக்கக் கூடாது.

அப்படி ஒன்று பவ்ஸானுக்குத் தெரிந்திருந்தது. இரண்டு ஏக்கர். அவருடைய வாப்பா சரிபுதீனின் காணி.

தொண்ணூறாம் ஆண்டு ஒக்டோபரில் புலிகள் இயக்கம் வடக்கு முஸ்லிம்களை வெளியேறச் சொன்னபோது பவ்ஸானுக்கு ஒன்பது வயது. வாப்பா இரண்டு பையோடு பிள்ளைகளை வள்ளத்தில் ஏற்றினார். காணி அனுமதிப் பத்திரம் வீட்டில் தகரப் பெட்டிக்குள் இருந்தது. ஒரு கிழமையில் திரும்பி வருகிற வீட்டுக்குப் பத்திரத்தை யார் தூக்கிக்கொண்டு போவார்? வாப்பா புத்தளத்திலேயே மௌத்தாகி அங்கேயே அடக்கப்பட்டார். சண்டை ஓய்ந்து சனம் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பியபோது வீடும் இல்லை, பெட்டியும் இல்லை. உடையும் விடத்தலும் பாலையும் வீரையுமாகக் காட்டு மரங்கள் நெருக்கியடித்துக் குடியேறியிருந்தன. அவற்றிடம் யாரும் பத்திரம் கேட்கவில்லை.

பவ்ஸான் இந்தப் பக்கத்துப் பள்ளிக்கூடத்துக்கு மாற்றம் கேட்டு வந்ததே காணிக்காகத்தான். பத்திரம் கேட்டு விண்ணப்பம் கொடுத்து நான்கு வருடம். ஷிஹானாவின் நிலைப்பாடு ரெலிபோனில் தெளிவாக இருந்தது.

"பத்திரம் கையில வந்த அண்டைக்கு நானும் மகளும் பஸ் ஏறுவம். அதுக்கு முன்ன என்னக் கூப்பிடாதீங்க. ஒருக்கா அகதியாப் போனது காணும். ரெண்டாந்தரம் நானா விரும்பிப் போகமாட்டன்."

"இது அகதி இல்ல ஷிஹானா. சொந்தக் காணி."

"யாரு சொன்ன?"

அவர் அன்று பார்த்த ஒரு பாலை மரத்தின் சுற்றளவைச் சொன்னார். இந்த உரையாடல் மாதம் நான்கு முறை நடக்கும். மரம் மட்டும் மாறும்.

ஆய்வுக்கு இந்தக் காணியை ஏன் தெரிந்தார் என்பதற்கு முன்மொழிவில் ஐந்து விஞ்ஞானக் காரணங்கள் உண்டு. ஆறாவது எழுதப்படவில்லை. வேலை வெட்டி இல்லாமல் முள்ளுக்காட்டுக்குள் போய்க் குந்தியிருக்கிற மாஸ்ரரைப் பற்றி ஊர் என்ன கதைக்கும்? கையில் அளவுநாடாவும் கழுத்தில் பென்சிலும் இருந்தால் ஒன்றும் கதைக்காது. தன் வாப்பாவின் காணிக்குள் போக அவருக்கு ஒரு சாட்டு வேண்டியிருந்தது. பல்கலைக்கழகம் அதை ஆங்கிலத்தில் தட்டச்சு செய்து கொடுத்தது.

முன்மொழிவை வாசித்த அன்று பேராசிரியர் அம்மா மூக்குக்கண்ணாடியை இறக்கிக் கேட்டார்: இந்தக் காணியில் கடந்த காலத்தில் மனிதத் தலையீடு ஏதும்?

வகுப்பில் இருபத்திரண்டு பேர். பவ்ஸான் வாயைத் திறந்தார். சொல்லத் தொடங்கினால் நாற்பது நிமிடம் வேண்டும். ஒக்டோபர், வள்ளம், புத்தளம், முகாம், தகரப் பெட்டி. அதற்குப் பிறகு எல்லோரும் தலையைச் சரித்து ஒரு பார்வை பார்ப்பார்கள். எத்தனையோ கந்தோர்களின் எத்தனையோ கதிரைகளில் இருந்து அந்தப் பார்வையை வாங்கியவர் அவர். இந்த ஒரு அறையில் மட்டும் அவர் வெறும் மாணவன், இடம்பெயர்ந்தவர் அல்ல.

"முப்பத்தொரு வருசமா ஒருத்தரும் இல்லை, மேடம்" என்றார் ஆங்கிலத்தில்.

அற்புதம் என்றார் பேராசிரியர். மனிதத் தலையீடு அற்ற காலம் முப்பத்தொரு வருடம் என்று படிவத்தில் ஏறியது. ஏன் அற்றது என்று கேட்கிற பெட்டி படிவத்தில் இருக்கவில்லை.

இரண்டு வருடம் அளந்தார். விரல் தடிப்புக்கு மேற்பட்ட ஒவ்வொரு மரத்துக்கும் இலக்கத் தகடு: சோடாத் தகரப் பேணியை வெட்டி, ஆணியால் எண் குத்திக் கம்பியில் கட்டியது. மொத்தம் ஆயிரத்து நூற்று நாற்பத்தாறு. ஒவ்வொன்றின் இடத்தையும் சதுரக்கோட்டுத் தாளில் புள்ளியாக வைத்தார். நாடாவின் மறுமுனையைப் பிடிக்க அம்புறோஸ் வருவான். அரிப்புக் கத்தோலிக்கன், பவ்ஸானின் வயதுதான். சோளகம் எழும்பினால் கடலுக்குப் போகேலாது. காற்று இருக்கிற மாதங்களில் அவனும் விஞ்ஞானி.

"மாஸ்ரர், மரத்துக்கெல்லாம் நம்பர் கட்டுறியள். மறியலில அடைக்கப்போறியளோ?"

"அசையாமப் பிடி அம்புறோஸ்."

"நான் அசையேல்லை. பூமி அசையுது. இது உங்கட வாப்பாட காணியெல்லோ? சொந்தக் காணிக்குள்ள போக இவ்வளவு நாடா ஏன்?"

"ஆராய்ச்சி."

"ஓ. நான் நினைச்சன் வேலி அடைக்கப்போறியள் எண்டு."

இடையில் ஒரு தொல்லை வந்தது. காட்டுக்குள் காட்டுக்குச் சொந்தமில்லாத பத்தொன்பது செடிகள் நின்றன: மருதோன்றி பதினொன்று, தேசி எலுமிச்சை மூன்று, மாதுளை இரண்டு, கறிவேப்பிலை இரண்டு, நெல்லி ஒன்று. தானாக முளைத்த காட்டில் இவை ஏன்? முறையியல் நூலில் வழி இருந்தது. மனிதர் நட்டவை எனச் சந்தேகிக்கப்படுபவை: பகுப்பாய்விலிருந்து நீக்கப்பட்டன. பவ்ஸான் நீக்கினார். உம்மா தண்ணீர் ஊற்றி வளர்த்த மாதுளையை அடிமட்டம் வைத்து ஒரு கோடு இழுத்து நீக்கினார். ஆய்வாளரின் கோடு கோணக்கூடாது, அளவு பிழைக்கும்.

சியாம் வகுப்பில் பக்கத்துக் கதிரை. வவுனியாப் பெடியன், வயது இருபத்தொன்பது, காடு காக்கிற ஒரு கந்தோரில் உத்தியோகம். நல்ல மனம் உள்ளவன். இந்தக் கதையில் நடந்த கெடுதல் முழுக்க அந்த நல்ல மனத்தால் நடந்தது. பவ்ஸானின் இடைக்கால அறிக்கையைக் கேட்டுவிட்டு எழுந்து நின்று கைதட்டினவன் அவன். இரண்டு மாதம் கழித்து ரெலிபோன் எடுத்தான்.

"அண்ணை, சந்தோசமான செய்தி! புதுசா மூடின காடுகளைப் பதியச் சொல்லி எங்களுக்குக் கடிதம் வந்தது. நான் உங்கட அறிக்கையிட மூண்டாம் அதிகாரத்தை அப்பிடியே போட்டன். எங்கட பெரியவர் சொன்னார், இப்பிடி ஒரு துல்லியமான வேலை தான் கண்டதே இல்லையாம்!"

"எந்தக் காணி?"

"உங்கட காணிதான் அண்ணை. அதாவது, உங்கட ஆய்வுக் காணி."

சொந்த ஆய்வு அரசாங்கத்தால் ஏற்கப்படுவதென்பது முதுமாணி மாணவர்களில் ஆயிரத்தில் ஒருவருக்குக் கிடைக்கிற பேறு. பவ்ஸான் அடுத்த நாள் போய்ப் பார்த்தார். அந்தப் பேறு நான்கு மூலையிலும் சீமெந்துக் கல்லாக நின்றது. அவருடைய பேணித் தகடுகளுக்குப் பக்கத்தில் மஞ்சள் வர்ணம். அறிவித்தல் ஒன்று உடைமரத்தில் தொங்கியது: ஆட்சேபணை இருந்தால் முப்பது நாளுக்குள். அந்த மரத்தின் இலக்கம் 7.

சியாமுக்கு எடுத்தார். இந்த முறை நாற்பது நிமிடமும் சொன்னார்.

"அண்ணை, வகுப்பில ரெண்டு வருசம் பக்கத்தில இருந்தனீங்கள். ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாமே?"

"கேக்கேல்லையே சியாம்."

"அறிக்கை மேலிடத்துக்குப் போட்டுது அண்ணை. நான் திருப்பி எடுக்கேலாது. அதை எழுதினவர்தான் பிழை எண்டு சொல்லவேணும்."

எழுதினவர் விடுதி அறையில் சதுரக்கோட்டுத் தாளை விரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். ஒரு பக்கம் பட்டம். காணி தீண்டப்படாத காடு என்றால்தான் அது நிற்கும். மறுபக்கம் வாப்பாவின் காணி. அதில் குடியிருந்தார்கள் என்றால்தான் அது நிற்கும். இரண்டுக்கும் ஒரே சாட்சி, ஒரே கையெழுத்து. இப்படி ஒரு வழக்கில் எதிராளியை வெல்வது சுலபம், தோற்பதும் அவ்வளவு சுலபம்.

ஆட்சேபணையில் என்ன எழுதுவதென்று தெரியாமல், நீக்கிய பத்தொன்பது செடிகளின் இடத்தையும் பழைய குறிப்பேட்டில் பார்த்துச் சிவப்புப் பேனையால் தாளில் குத்தத் தொடங்கினார். முதல் நான்கில் ஒன்றும் தெரியவில்லை. ஏழாவது மருதோன்றியில் பேனை நின்றது. காட்டு மரம் நேர்கோட்டில் முளைக்காது. இது அவர் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கும் தெரியும். பதினொரு மருதோன்றியும் மட்டம் வைத்துக் கட்டினதுபோல ஒரே வரிசையில் நின்றன. வேலி. கூடப்பிறந்த ராத்தா ஸுஹறா பெருநாளைக்கு இலை பறித்த வேலி. தேசி மூன்றும் ஒரு வெறுமையைச் சுற்றி: கிணற்றடி. கறிவேப்பிலை இரண்டும் பக்கத்துப் பக்கத்தில், குசினி வாசல். தாளின் நடுவில், அவர் கையால் நீக்கிய புள்ளிகளில், ஒரு வளவு நின்றது. அதன் உள்ளே ஒரு புள்ளியும் இல்லாத நீள்சதுரம். வீட்டு அத்திவாரத்தின் மேல் மரம் வளரவில்லை.

விடுதியில் அப்போது யாரும் இல்லை. இருந்திருந்தால் காட்டியிருப்பார். காகம் வந்தது, தாளைக் காட்டவில்லை என்றுதான் நம்புகிறோம்.

பேராசிரியருக்குக் கடிதம் எழுதினார். காணி தலையீடு அற்றது என்று நான் எழுதியது முழு உண்மை அல்ல. நான் அங்கே பிறந்தேன். ஒவ்வாத தரவுகளை நீக்கினேன். அவை எங்கள் வீடு. ஆங்கிலத்தில் நான்கு வசனம்; இலக்கணப் பிழை ஒன்றும் இல்லை.

விசாரணை காணியிலேயே நடந்தது. காணி அதிகாரி ஒருவர், சியாம், அம்புறோஸ், பவ்ஸான். சோளகம் மண்ணை அள்ளிக் கோப்புக்குள் போட்டுக்கொண்டிருந்தது. அதிகாரி அறிக்கையைத் தூக்கிப் பிடித்தார்.

"இதை எழுதினது நீங்கள்தானே?"

"ஓம் சேர்."

"முப்பத்தொரு வருசமா மனிதத் தலையீடு இல்லை."

"ஓம்."

"இங்க குடியிருந்தனாங்கள் எண்டு ஆட்சேபணை போட்டதும் நீங்கள்."

"ஓம்."

"ரெண்டில எது பொய்?"

"ரெண்டும் உண்மை சேர். ஆக்களை அனுப்பினாப்பிறகு தலையீடு இல்லைத்தானே."

அதிகாரி அறிக்கையைப் புரட்டினார். "அது இதில இல்லை."

"படிவத்தில அதுக்குப் பெட்டி இல்லை சேர்."

"சரி, வீடு எங்க நிண்டது? காட்டுங்கோ பாப்பம்."

பவ்ஸான் காட்டைப் பார்த்தார். எந்த மரத்துக்கு எந்த இலக்கம் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லுவார். வாசல் எந்தப் பக்கம் என்று தெரியவில்லை. ஒன்பது வயதுப் பிள்ளை விட்டுப்போன வாசலை நாற்பத்துமூன்று வயது ஆய்வாளர் தேடினார்.

"நாடாவைத் தாங்கோ மாஸ்ரர்" என்றான் அம்புறோஸ் மெல்ல. "தாளை வைச்சு அளப்பம். நீங்கள் எனக்குப் படிப்பிச்சது அதுதானே."

அளந்தார்கள். முதலாம் மருதோன்றியிலிருந்து பதினான்கு மீற்றர், இடப்பக்கம் ஆறு. சூரை முள்ளை வெட்டிக்கொண்டு போனார்கள். அம்புறோஸின் கத்தி ணங் என்று கல்லில் பட்டது. சருகைத் தள்ளினால் சீமெந்துப் படி. ஒன்று, இரண்டு. மூன்றாவதில் பாதி.

அதிகாரி படியில் சப்பாத்துக் காலை வைத்துப் பார்த்தார். பிறகு தாளைக் கேட்டு வாங்கிப் பென்சிலால் சிவப்புப் புள்ளிகளைச் சுற்றி ஒரு கோடு போட்டார். சியாம் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றான்.

தீர்ப்பு இரண்டு மாதத்தில் வந்தது. நீதியும் விஞ்ஞானமும் கைகோத்து வந்த தீர்ப்பு. சிவப்புக் கோட்டுக்கு உள்ளே உள்ள இருபத்திநாலு பேர்ச், அதாவது இரண்டு ஏக்கரில் ஏறத்தாழ பதின்மூன்றில் ஒரு பங்கு, குடியிருப்புக் காணி என ஏற்கப்பட்டது. பத்திரம் பவ்ஸானின் பெயருக்கு. எஞ்சிய பரப்பு, ஆட்சேபணைக்காரர் தாமே தமது ஆய்வில் ஐயத்துக்கிடமின்றி நிறுவியுள்ளபடி, காடு. குடியிருப்புக் காணிக்குப் போகும் வழி காட்டுக்குள்ளால் போவதால் ஒவ்வொரு தடவையும் நுழைவு அனுமதி பெற வேண்டும்.

அதே கிழமை பேராசிரியரின் பதிலும் வந்தது. இந்தக் காணி இனி ஒப்பீட்டுக்கு உதவாது. வேறொன்றைத் தெரிந்து முதலிலிருந்து அளக்க வேண்டும். பதிவு இரண்டு வருடம் நீடிக்கப்படுகிறது. இந்தக் காணியை, விரும்பினால், குடியிருப்பின் எச்சம் என்ற தலைப்பில் தனியாக அளக்கலாம். கடைசியில் ஒரு வரி: நீங்கள் எங்களிடம் முன்பே சொல்லியிருக்கலாம். அந்த வரியை மட்டும் அவர் பல தடவை வாசித்தார். கோபம் இருக்கிறதா என்று தேடினார். இல்லை. இருந்திருந்தால் கொஞ்சம் சுகமாக இருந்திருக்கும்.

நுழைவு அனுமதிப் படிவத்தைச் சியாம்தான் கொண்டுவந்து கொடுத்தான். நோக்கம் என்ற இடத்தில் மூன்று பெட்டி: ஆராய்ச்சி, சுற்றுலா, வேறு.

"குடியிருக்க எண்டா?" என்றார் பவ்ஸான்.

"அது 'வேறு' அண்ணை. கொழும்புக்குப் போய் வரவேணும். எட்டு மாதமும் ஆகும், எட்டு வருசமும் ஆகும். ஆராய்ச்சி எண்டு போடுங்கோ, மூண்டு நாளில வரும்." கொஞ்சம் நிறுத்தினான். "மாணவர் அட்டை இருந்தாக் காணும்."

ஆகவே இன்றைக்கு நிலைமை இப்படி. பவ்ஸான் மாணவராக இருக்கும்வரை தன் வீட்டு வளவுக்குள் போகலாம். பட்டம் கிடைத்த அன்று வெளியே.

ஷிஹானா சொன்ன சொல்லைக் காப்பாற்றினாள். பத்திரம் கையில் வந்தது, பஸ் ஏறினாள். படிவத்தில் அவளும் மகளும் 'கள உதவியாளர்' இருவர். ஆராய்ச்சிக்குப் பகல் அனுமதிதான். நாலு மணிக்கு வெளியேற வேண்டும். சீமெந்துப் படியில் குந்தியிருந்து கொண்டுவந்த சோற்றுப் பொதியைப் பிரித்தார்கள். மகள் மருதோன்றி இலை பறித்துக் கைக்குட்டையில் கட்டினாள்.

"இது எடுத்தாப் பிடிப்பாங்களா வாப்பா?"

"கோட்டுக்கு உள்ளதானே மகள். எடுங்க."

ஷிஹானா சுற்றிவரப் பார்த்தாள். எல்லாப் பக்கமும் இலக்கம் கட்டின மரம். "இவ்வளவையும் நீங்க ஒரு ஆளா எண்ணினீங்களா?"

"அம்புறோஸ் நாடா பிடிச்சான்."

"காத்து இல்லாத மாசத்தில?"

அவர் சோற்றைப் பிசைந்தார். அவள் ஒரு மீன் துண்டை அவர் பக்கத்து இலையில் வைத்தாள்.

"படிப்பு எப்ப முடியும்?"

"ரெண்டு வருசம். முடிஞ்சா உள்ள வரேலாது."

"அப்ப ஆறுதலாப் படிங்க" என்றாள்.

நாலு மணிக்குப் பத்து நிமிடம் இருக்க எல்லைக் கல்லுக்கு வெளியே வந்தார்கள். வெளியேறிய நேரத்தை மூன்று பேருக்கும் பவ்ஸானே பதிந்தார். புத்தளம் போகிற பஸ் வந்தது. மகள் யன்னலால் கைகாட்டினாள். வீதி வளைவில் ஒரு பனையடிக்குப் பின்னால் பஸ் மறைந்தது. திரும்பி உள்ளே போக அனுமதி நேரம் முடிந்துவிட்டது.

அடுத்த மாதப் படிவத்தை அவர் விடுதியில் இருந்து நிரப்பினார். நோக்கம்: ஆராய்ச்சி. பெட்டிக்குள் சரி அடையாளம் நேராக விழுந்தது. மகளுக்குத் தவணைப் பரீட்சை வருகிறது. அம்புறோஸுக்குக் கடல் திறந்துவிட்டது. உதவியாளர் எண்ணிக்கை என்ற இடத்தில் பூச்சியம் போட்டார்.